கூடாரத்தில் ஒரு ராத்திரி - தருமபுரிக்காரர்களுக்கு ஆரம்பப் பாடம்

சினிமாவில் கூடாரம் என்றால் ஒரு ஏரி, ஒரு கிதார், நடுவில் நெருப்பு, சுற்றி ஐந்து பேர். கொசு இருக்காது. யாருக்கும் பாத்ரூம் வராது. காலையில் எல்லோர் முடியும் கலையாமல் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து, "மச்சி, ஒகேனக்கல் போய் ஆத்தோரமா டென்ட் போடலாம்டா" என்று ஆரம்பிக்கிறார்கள். பாதித் திட்டங்கள் அங்கேயே டீயோடு முடிந்துவிடும். மீதிப் பாதிதான் ஆபத்து.

இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதிக்கு. ஆசையைக் கெடுப்பதற்காக இல்லை, ஒழுங்காகப் போய்விட்டு முழுசாகத் திரும்பி வருவதற்காக.

இது புதுசு இல்லை

முதலில் ஒரு விஷயம். வெளியில் ராத்தங்குவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டை ஒட்டியிருக்கும் கிராமங்களில் ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். மரத்தின் மேலோ நாலு கால் நட்டோ பரண் கட்டி, ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். யானையும் காட்டுப்பன்றியும் வந்தால் தகரத்தைத் தட்டி, சத்தம் போட்டு விரட்டுவார்கள். அவர்களுக்கு அது கேம்பிங் இல்லை, வருஷத்துச் சாப்பாடு.

ஆட்டுக்காரர்கள் இன்னொரு ரகம். அறுவடை முடிந்த நிலத்தில் மந்தையைக் கிடை போட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். ராத்திரி விழும் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்காக நிலத்துக்காரர் பணமோ தானியமோ கொடுப்பார். வெளியில் தூங்குவதற்கு மற்றவர்கள் காசு செலவு செய்ய, காசு வாங்கிக்கொண்டு தூங்குகிற ஒரே கூட்டம் இவர்கள்தான். காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க!

கோயில் கணக்கு தனி. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், அமாவாசைக்கு மேல்மலையனூர், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. ராத்திரி முழுக்க ரோட்டிலும் மண்டபத்திலும் மரத்தடியிலும்தான். துண்டை விரித்துப் படுத்தால் அதுதான் டென்ட்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரிவலத்துக்கு மகளை ராத்திரி பூராவும் நடக்க அனுப்புகிற அதே வீடு, "ஃப்ரெண்ட்ஸோட டென்ட் போட்டுத் தங்கப்போறேன்" என்றால் கதவைச் சாத்திவிடும். இரண்டிலும் அதே இருட்டு, அதே தூரம். வித்தியாசம் என்ன? கிரிவலத்தில் மகள் எங்கே இருப்பாள், யாரோடு இருப்பாள், சுற்றி யார் இருப்பார்கள், எப்போது வருவாள் என்று வீட்டுக்குத் தெரியும். டென்ட்டில் இது ஒன்றுமே தெரியாது. பெற்றவர்கள் பயப்படுவது ராத்திரிக்கு இல்லை, கணக்கு இல்லாத ராத்திரிக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பூங்காவில் தங்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களில் பூங்காவிலேயே டென்ட் அடிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். சிங்கப்பூரில் இருக்கிற சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைப் பூங்கா, பாசிர் ரிஸ் பூங்கா போன்ற இடங்களில் இதற்கென்றே ஒதுக்கிய பகுதி உண்டு. தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே கூடாரம் போடலாம். நியூயார்க்கில் நகரப் பூங்காக்களின் ரேஞ்சர்கள் கோடைக் காலத்தில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கூடாரமும் கொடுத்து, ஒரு ராத்திரி பூங்காவிலேயே தங்கவைக்கும் நிகழ்ச்சிகளை நடத்தி வந்திருக்கிறார்கள். முதல் தடவை வருகிற ஆளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கழிப்பறை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பயமாக இருந்தால் நடு ராத்திரியில் வீட்டுக்குப் போய்விடலாம்.

இங்கே நிலைமை வேறு. ஊர்ப் பூங்காக்கள் காலையும் மாலையும் நடப்பதற்கும் குழந்தைகள் விளையாடுவதற்கும்தான். ராத்திரி பூட்டிவிடுவார்கள். சுவர் ஏறிக் குதித்துப் படுத்தால் அதற்குப் பெயர் கேம்பிங் இல்லை. போலீஸ் ஜீப்பில் வந்து விளக்கம் சொல்வார்கள்.

காடு? அது இன்னும் சிக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014ல் அறிவிக்கப்பட்டது. சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம், சுமார் 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் யானைகள் நடமாடும் காடுகள். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சரணாலயம் இல்லாத காப்புக்காடுகளுக்கும் 1882ஆம் வருஷத்திலிருந்தே தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. "யாரு பாக்கப் போறா" என்கிற கேள்விக்கு யானை பார்க்கும் என்பதுதான் பதில்.

சட்டத்தை விடுங்கள், குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பலர் இளவயதுக்காரர்கள், பெண்கள் நிறைய. காய்ந்த புல் மூடிய சரிவில் தீ ஆளைவிட வேகமாக ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரியின் குத்திராயன் சிகரமும் அதில் உண்டு. ஆனால் இவை பகல் நடைக்கானவை, ராத்தங்க இல்லை.

ஒகேனக்கல் ஆசை

தருமபுரியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். பஸ் வசதி உண்டு, மீன் குழம்பு உண்டு. எல்லோருக்கும் முதலில் அங்கே போகத்தான் தோன்றும். பகலில் தாராளமாகப் போங்கள். ஆனால் ஆற்று மணலிலோ பாறையிலோ ராத்திரி படுக்கக் கூடாது.

காரணம் எளிது. ஒகேனக்கலில் தண்ணீர் ஏறுவதற்கு ஒகேனக்கலில் மழை பெய்ய வேண்டியதில்லை. கர்நாடகாவில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் தண்ணீர் திறந்தால் இங்கே ஆறு ஏறும். வானம் முழுக்க நட்சத்திரமாக இருக்கும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டே வரும். செய்தியில் "பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று சொல்கிறார்களே, அது இதற்குத்தான். வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுவார்கள். பரிசல்காரரே ஆற்றில் இறங்காத நேரத்தில் பி.காம். மாணவர் இறங்கக் கூடாது என்பது பொது அறிவு. போதாததற்கு அந்தக் காவிரியில் முதலையும் உண்டு. வனத்துறை அங்கே முதலைகள் மறுவாழ்வு மையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

ஒகேனக்கலில் தங்கியே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் இருக்கிறது, தனியார் விடுதிகள் இருக்கின்றன. ரூம் போட்டுத் தூங்கிவிட்டு, விடியற்காலையில் ஆற்றைப் பார்க்கப் போங்கள்.

அப்போ எங்கேதான் போறது?

நாலு படி சொல்கிறேன் என்று யாராவது ஆரம்பித்தால் ஓடிவிடுவீர்கள். மூன்றுதான்.

முதல் படி, மொட்டை மாடி. சிரிக்க வேண்டாம். தரையில் பாய் போட்டு, போனை அணைத்து, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை மாடியில் இருந்து பாருங்கள். இரண்டு மணிக்கு மேல் பனி எப்படி இறங்குகிறது, போர்வை போதுமா, கொசு எத்தனை பேர் வருகிறார்கள், நாய் குரைத்தால் எத்தனை தடவை எழுந்து உட்காருவீர்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். இதில் தோற்றால் இறங்கி வந்து கட்டிலில் படுக்கலாம். செலவு பூஜ்யம்.

இரண்டாம் படி, தெரிந்தவர் தோட்டம். வகுப்பில் பத்துப் பேரில் நாலு பேர் வீட்டிலாவது தோட்டமோ களமோ இருக்கும். தை, மாசி மாதங்கள் நல்லது. அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும், மழை இருக்காது, பம்ப்செட் பக்கத்தில் தண்ணீரும் ஒரு பல்பும் கிடைக்கும். அந்த வீட்டுப் பெரியவரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். "உங்க பையன் ஓகே சொல்லிட்டான்" என்பது அனுமதி ஆகாது.

மூன்றாம் படி, முகாம். இது பலருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது, கண்ணில் படுவதில்லை. கல்லூரிகளில் இருக்கும் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதில் ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கி வேலை செய்ய வேண்டும். கூடாரம் இல்லைதான். ஆனால் ஐம்பது பேருக்குச் சமைப்பது, ஒரே குழாயில் வரிசையில் நின்று குளிப்பது, தெரியாத ஊரில் தரையில் படுத்துத் தூங்குவது எல்லாம் அங்கேதான் பழக்கமாகும்.

பல மாணவிகளுக்கு வாழ்க்கையில் சொந்தக்காரர் வீடு தவிர வெளியில் தங்கிய முதல் ராத்திரி அந்த என்.எஸ்.எஸ். முகாமில்தான். அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கும், மேடம் நம்பர் அம்மா போனில் இருக்கும், ஊர் பேர் தெரியும், திரும்புகிற நாள் தெரியும். முதல் நாள் ராத்திரி வீட்டிலிருந்து எட்டு போன் வரும். மூன்றாம் நாள் இரண்டு. ஏழாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கடுத்த வருஷம் தோழியின் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று கேட்டால், பேச்சு முழுசாக 'முடியாது' என்பதில் தொடங்காது. அந்தச் சின்ன மாற்றத்துக்கு ஏழு நாள் கக்கூஸ் கழுவியது தகும்.

ஐந்து பேருக்கு ஒரு பட்ஜெட்

ஐந்து பேர், ஒரு ராத்திரி, தெரிந்தவர் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர்: குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர். மொத்தம் 20. அதாவது ஒரு கேன். கணக்கு இவ்வளவு அழகாக வருவது அபூர்வம்.

சாப்பாடு: ராத்திரிக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு போய்விடுங்கள். முதல் தடவையே அடுப்பு மூட்டி பிரியாணி செய்கிறேன் என்று இறங்க வேண்டாம். காலையில் ஒரு சின்ன ஸ்டவ்வில் டீயும் உப்புமாவும் போதும்.

கூரை: டென்ட்டை முதல் தடவை வாங்கவே வேண்டாம். அது மூலதனச் செலவு. வருஷத்துக்கு ஒரு தடவை பயன்படுத்தினால் தேய்மானம்தான் மிச்சம். கடன் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஒரு நல்ல தார்ப்பாய், இரண்டு கயிறு, கொசுவலை.

கொசுவலையை மட்டும் விட்டுவிடக் கூடாது. அது கொசுவுக்கு மட்டும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதுதான் அதன் வழக்கம். கடித்த இடத்தில் பெரிதாக வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. தூக்கத்தில் எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். பிறகு வயிற்று வலி, கண் இமை தானாக மூடுவது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறல். வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தாலே பெரும் பாதுகாப்பு. ஜிப் போட்ட டென்ட்டும் அப்படித்தான். எழுந்து போனால் டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைக்கக் கூடாது, செருப்பை உதறாமல் போடக் கூடாது. கடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பென்னாகரம், பாலக்கோடு, அரூரில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. தருமபுரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தங்கும் இடத்திலிருந்து எது கிட்டே என்பதைப் போவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

கிணறு: இதை யாரும் சொல்வதில்லை. இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் அதிகம். பகலில் பார்க்க லட்சணமாக இருக்கும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவனுக்கு அது தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே கிணறு எந்தப் பக்கம் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். படுக்கை கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். கழிப்பறை எதிர்த் திசையில்.

நெருப்பு: வைக்கோல் போர், ராகித் தாள் போர், காய்ந்த கரும்புச் சோகை இருக்கிற இடத்தில் கேம்ப் ஃபயர் என்ற பேச்சே வேண்டாம். அது நிலத்துக்காரரின் மாட்டுத் தீவனம். கிதார் வாசிக்க நெருப்பு அவசியம் இல்லை.

இடி: சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி மின்னல் அதிகம். தனி மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். போனில் 'தாமினி' என்கிற இலவசச் செயலி இருக்கிறது. பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும்.

கடைசியாக, ஒரு தாள். போகிற இடம், நிலத்துக்காரர் பெயர், போன் நம்பர், கூட வருகிறவர்கள், திரும்பும் நேரம். ஐந்து வீட்டிலும் ஒரு பிரதி. இதற்குச் சில ரூபாய் ஜெராக்ஸ் செலவு. மொத்தப் பட்ஜெட்டிலேயே அதிக லாபம் தருகிற முதலீடு இதுதான்.

நற்பெயர்

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து, கையால் தொட முடியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு எல்லோரும் மறந்துவிடும் அந்தப் பாடம் கூடாரத்தில்தான் புரியும்.

ஐந்து பேர் ஒரு தோட்டத்தில் தங்கி, பாட்டிலை உடைத்துப் போட்டு, நடு ராத்திரி ஸ்பீக்கரில் பாட்டு வைத்து, கம்பத்து மாமரத்தில் கல்லெறிந்துவிட்டு வந்தால் என்ன நஷ்டம்? அந்த ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை. அடுத்து வருகிற ஐம்பது பேருக்கு அந்தத் தோட்டம் போய்விட்டது. அந்த ஊரே போய்விட்டது. மாணவிகளுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். "பாத்தியா, போன வருஷம் அந்தப் பசங்க என்ன பண்ணாங்கன்னு" என்ற ஒரு வரியைச் சொல்லி, அதில் சம்பந்தமே இல்லாத இருபது வீடுகளில் கதவு சாத்தப்படும். செலவு செய்தது ஒருவர், கடன் விழுவது இன்னொருவர் பேரில்.

நேர்மாறாகவும் நடக்கும். ஒழுங்காகத் தங்கிய ஒரு ராத்திரி அடுத்தவர்களுக்கு வரவு. இப்படிப் பத்து ராத்திரி சேர்ந்தால், "ஊர்ப் பூங்காவில் ஒரு மூலையை மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை திறந்துவிடுங்கள். ஒரு விளக்கு, ஒரு கழிப்பறை, ஒரு வாட்ச்மேன், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்" என்று நகராட்சியிடம் தைரியமாக மனு கொடுக்கலாம். சிங்கப்பூர் பூங்காவில் இருப்பதும் இவ்வளவுதான். அதற்கு மலையும் அருவியும் தேவையில்லை. அப்படி ஒரு மூலை இருந்தால், வெள்ளிக்கிழமை கேன்டீன் கூட்டத்தில் யாரும் ஆற்று மணலைத் தேடிப் போக மாட்டார்கள்.

அதுவரைக்கும் தோட்டங்கள்தான். காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டுவதற்கு முன்னால் குப்பையைப் பொறுக்குங்கள். கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், உப்புமா ஒட்டிய காகிதம் உட்பட. நிலத்துக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முகாம் நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள போட்டோ பார்க்க வேண்டியதில்லை. அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "மறுபடி எப்ப வர்றீங்க?" என்று கேட்டால் பாஸ்.